பழைய ஏர் பிஸ்டல் வாங்கலாமா? திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

2022 ஜூலையில் 47-வது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நம் கே.கே.நகரில் உள்ள திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தது. நடிகர் அஜித்குமாரைப் பார்க்கக் கூடிய கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் 4 தங்கமும் 2 வெண்கலமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போட்டியைப் பார்த்த பிள்ளைகளுக்கும், சில வீடுகளில் அப்பாக்களுக்கும், பிஸ்டல் ஆசை பிடித்துக்கொண்டது. ரேஞ்சில் நாலு மாதம் பழகியதுமே “சொந்தமா ஒண்ணு வாங்கிடலாமா?” என்ற பேச்சு எழும். போட்டித் தரத்தில் புதிது வாங்க லட்சத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும், யாரோ ஒருவர் விற்கும் பழைய பிஸ்டலின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். பணத்தை எடுத்து வைக்கும் முன் இவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. முதல் வருடம் கிளப் பிஸ்டலே போதும். பலர் கைபட்டது, கைப்பிடி சரியில்லை, டிரிகர் இழுக்கிறது என்றெல்லாம் பிள்ளை குறை சொல்லும். கேட்டுக்கொள்ளுங்கள், உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 60 தோட்டா, மொத்தம் 600 புள்ளி. பயிற்சியில் தொடர்ந்து 540 வராதவரை குறை பெரும்பாலும் தோளிலும் விரலிலும்தான் இருக்கும். இது என் கணக்கு. உங்கள் கோச் வேறு எண் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

2. எந்தப் போட்டிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். 10 மீட்டருக்கு 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், 25 மீட்டருக்கு பாயின்ட் 22 பிஸ்டல். இரண்டும் பார்க்க ஒரே சாயலில் இருக்கும். சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புதிதாக இறங்குபவருக்கு ஏர் பிஸ்டல்தான் சரி. கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

3. ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா? 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவுக்கு மேல் போகாமல், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டலில் அரை கிராம் பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் பறக்கும். கணக்குப் போட்டால் 6 ஜூல்கூட வராது. கவலை வேண்டாம். ஆனால் கடையில் வாங்கினாலும் தனியாரிடம் வாங்கினாலும் அடையாளச் சான்று கொடுத்து, பதிவோடு வாங்குங்கள். தனியாரிடம் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் மாடல், வரிசை எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலை மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது “இது ஏது?” என்று கேட்டால் நீட்ட ஒரு காகிதம் இருக்கும்.

4. பாயின்ட் 22 என்றால் கதையே வேறு. அது முழு துப்பாக்கி, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படியே பொருந்தும். லைசென்ஸ் கையில் இல்லாமல் தொட்டுப் பார்க்கக்கூட அவசரப்பட வேண்டாம். ஸ்ரீரங்கம் உட்பட மாநகர எல்லையில் வசிப்பவர்களுக்கு மாநகர போலீஸ் கமிஷனர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. லால்குடி, முசிறி, மண்ணச்சநல்லூர்க்காரர்கள் கலெக்டர் அலுவலகம் போக வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகள் பயிற்சியில் மட்டும், விதித்த நிபந்தனைகளோடு சுடலாம்.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க நினைத்தால், அதை எழுத்து மூலம் உரிம அதிகாரிக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ தெரிவித்து, அதன்பின் 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். வாங்குகிறவரிடமும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். “இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுங்கள். லைசென்ஸ் வரும் முன் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம்.

5. 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண லைசென்ஸ்தாரர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு 3. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஏற்கனவே ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற போட்டியாளர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் சாதனை படைத்த பிறகுதான் அது வரும்.

6. “50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல், அருமையான சரக்கு, அடிமாட்டு விலைக்குத் தர்றேன்” என்று யாராவது வந்தால் விலை ஏன் குறைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியை ஒலிம்பிக் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். மாநிலப் போட்டியில் இன்னும் உண்டு. அஜித் அணி பதக்கம் வாங்கியதில் அதுவும் ஒன்று. மாஸ்டர் பிரிவில் ஆசைக்குச் சுடுபவர் லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம். ஒலிம்பிக் கனவோடு வரும் பள்ளிப் பிள்ளைக்கு அது தேவையில்லை.

7. இப்போது ஏர் பிஸ்டலுக்கு வருவோம். விற்பவர் பெட்டியைத் திறந்ததும் எல்லோருடைய கண்ணும் கைப்பிடியின் மரத்துக்கும் பளபளக்கும் குழலுக்கும் போகும். நீங்கள் குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்புங்கள். அதன் உடம்பில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். சர்வதேச விதிப்படி காற்றுச் சிலிண்டருக்கு அதிகபட்ச ஆயுள் 10 ஆண்டு. காலம் கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் அது ஆபத்து மட்டுமல்ல, உபகரணச் சோதனையிலும் நிறுத்திவிடுவார்கள். பிஸ்டல் 15 வருடப் பழசாக இருப்பது ஒரு குற்றமே இல்லை, நன்றாகப் பராமரித்த இரும்புக்கு வயது தெரியாது. சிலிண்டர் வேறு, 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அது. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் டயரில் இருப்பது 2 பாரை ஒட்டித்தான்.

தேதி தேய்ந்து போயிருந்தாலும், யாரோ அரத்தால் உரசியிருந்தாலும், மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் அந்தச் சிலிண்டருக்கு மதிப்பு பூஜ்யம். எட்டு வருடத்தைத் தாண்டியிருந்தால், புதுச் சிலிண்டரின் விலையை விசாரித்து முழுத் தொகையையும் கழித்துப் பேசுங்கள். இரண்டு சிலிண்டர் தருகிறேன் என்றால் இரண்டின் தேதியையும் பாருங்கள். ஒன்று புதிது, மற்றொன்று பழசு என்பதுதான் வழக்கம்.

8. கார்பன் டை ஆக்சைடில் ஓடும் பழைய மாடல்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. திருச்சிக்கு அது ஒத்துவராது. அந்த வாயு 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரவமாக நிற்காது. சூடு ஏற ஏற அழுத்தம் கூடும், தோட்டாவின் வேகமும் மாறும். நம் ஊரில் வருடத்தில் எத்தனை பகல் 31 டிகிரிக்குக் கீழே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஜெர்மனிக் குளிரில் பத்துப் பத்தாக விழுந்த பிஸ்டல் சித்திரை மாதம் இங்கே கண்டபடி சுடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

9. சிலிண்டரில் நிரப்ப வேண்டியது சுத்தமான, ஈரமில்லாத காற்று. இதைத் தனிக் குறிப்பாக எழுதக் காரணம், துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் ஆக்சிஜன் சிலிண்டர் தாராளமாகக் கிடைக்கிறது என்பதுதான். “எல்லாம் காத்துதானே, பிடிச்சுத் தர்றேன்” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லக்கூடும். அழுத்தமான ஆக்சிஜன் துளி எண்ணெயோ கிரீஸோ பட்டாலே தீப்பிடித்து வெடிக்கும். பிஸ்டலின் உள்ளே கிரீஸ் இருக்கிறது. மருத்துவ ஆக்சிஜனுக்கும் இதே பேச்சுதான். ரேஞ்சில் வைத்திருக்கும் காற்றுத் தொட்டி அல்லது அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர், இரண்டைத் தவிர வேறெங்கும் நிரப்பாதீர்கள்.

10. நிரப்பும் இணைப்பான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டெயர் பிஸ்டலின் இணைப்பான் வால்தருக்குச் சேராது. பெட்டியில் அது இருக்கிறதா, நீங்கள் போகும் ரேஞ்சின் தொட்டியில் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். சின்னப் பித்தளைத் துண்டுதான், அது இல்லாவிட்டால் பிஸ்டல் வெறும் அலங்காரப் பொருள்.

11. ஒரு ராத்திரி சோதனை. சிலிண்டரை நிரப்பி, பிஸ்டலில் பூட்டி, மானியில் முள் எங்கே நிற்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் அதே நேரம் பாருங்கள். முள் தெரியும்படி இறங்கியிருந்தால் எங்கோ ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. சிலிண்டரைத் தனியே கழற்றி வைத்து இதையே செய்தால் கசிவு சிலிண்டரிலா பிஸ்டலிலா என்றும் தெரிந்துவிடும். பொறுமையில்லாத விற்பனையாளர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் வாங்காதீர்கள்.

12. நீளச் சிலிண்டர் முழுதாக நிரப்பினால் 150 தோட்டாவுக்கு மேல் தர வேண்டும். குட்டைச் சிலிண்டரில் குறையும். அறுபது தோட்டாவுக்குள் முள் சிவப்புக்கு வந்துவிட்டால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். தோட்டா வேகம் அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் பத்து தோட்டா சுட்டுப் பாருங்கள். வேகம் ஏறி இறங்கி ஆடினால் அழுத்தத்தைச் சீராக்கும் உள்பாகத்தில் கோளாறு.

13. கையில் பிடித்துச் சுட்டு பிஸ்டலின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கு உங்கள் கை எப்படி இருந்தது என்றுதான் அது காட்டும். கிளாம்பில் இறுக்கி, ஒரே டப்பா பெல்லட்டில் பத்து தோட்டா, 10 மீட்டர் தூரத்தில். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. நல்ல போட்டி பிஸ்டல் அதற்குள் ஒரே கிழிசலாகப் போட்டுவிடும். இந்தச் சோதனையில் சிதறினால் முதலில் வேறு பெல்லட் மாற்றிப் பாருங்கள். பெல்லட்டில் 4.49, 4.50 என்று நுண்ணிய அளவு வித்தியாசங்கள் உண்டு, ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். அப்போதும் சிதறினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

14. டிரிகர். விதிப்படி 10 மீட்டர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடை தாங்க வேண்டும். குழலை வானத்தைப் பார்த்து நிறுத்தி, எடையை டிரிகரில் மாட்டித் தூக்கும்போது விசை விழாமல் இருந்தால் தேர்ச்சி. பழைய உரிமையாளர் லேசாக இருக்கட்டும் என்று குறைத்து வைத்திருப்பார். அதைத் திருகிச் சரிசெய்துவிடலாம். திருகியும் எடை நிற்கவில்லை, ஒருமுறை 520, மறுமுறை 460 என்று வந்தால் உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது.

எலக்ட்ரானிக் டிரிகர் மாடலாக இருந்தால் பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதும் படிந்திருக்கிறதா பாருங்கள். பேட்டரியை உள்ளேயே வைத்து இரண்டு வருடம் பரணில் போட்ட பிஸ்டலில் இது நிச்சயம் இருக்கும்.

15. குண்டேற்றும் நெம்புகோலை இருபது முப்பது தடவை திறந்து மூடுங்கள். ஆட்டம், உரசல், கடைசியில் ஒரு சின்னத் தடங்கல், எதையும் “பழகிடும்” என்று விட்டுவிடாதீர்கள். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டலில் உடைந்தது இந்த நெம்புகோல்தான். சரிசெய்து திரும்பி வருவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போய், 575 புள்ளியோடு 12-வது இடத்தில் நின்றார், இறுதிச்சுற்று கிடைக்கவில்லை. உலகத்தரப் பிஸ்டல், கூடவே நிபுணர் குழு, அவருக்கே அப்படி. (மூன்று வருடம் கழித்து பாரீஸில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கி, இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொன்றும் வாங்கினார்.)

16. ஆகவே, மாடல் பெயரைவிட உதிரிபாகம் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி. ஸ்டெயர் எல்.பி.10, மோரினி சி.எம்.162, வால்தர் எல்.பி.400, ஃபைன்வெர்க்பாவ், பார்தினி என்று ரேஞ்சில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் ஒன்றாக இருந்தால் பக்கத்து லேனில் சுடுபவரிடமே ஒரு ரப்பர் வளையம் கடன் வாங்கலாம். ஊரிலேயே ஒருவரிடம் மட்டும் இருக்கும் அபூர்வ மாடல் உங்களுக்கு வேண்டாம். அபூர்வம் சேகரிப்பவர்கள் வாங்கட்டும்.

17. கைப்பிடி. என்னைக் கேட்டால் சிலிண்டர் தேதிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். புதுப் பிஸ்டல் வாங்குபவர் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு சொல்லி வாங்குவார். பழையதில் முதல் உரிமையாளரின் கைதான் உங்கள் தலையில் விழும். அவர் மரத்தைச் செதுக்கியிருப்பார், மரத்தூள் பசை அப்பியிருப்பார், கட்டைவிரல் பள்ளத்தை ஆழமாக்கியிருப்பார். அவருக்கு அது பொன், உங்களுக்குப் பொருந்தாத செருப்பு.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி. கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள், கையை நீட்டுங்கள், மூச்சை விட்டுவிட்டு கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நின்றால் பொருத்தம். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நின்று, நீங்கள் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அறுபது தோட்டாவும் அந்தத் திருகலோடுதான் போகும். ஆள்காட்டி விரலின் முதல் பட்டை டிரிகரில் நேராக உட்கார வேண்டும். மரத்தில் எங்கும் உரசக் கூடாது. இடது கைக்காரர்கள் கூடுதல் கவனம். இடக்கைப் பிடி தனியாக வரவழைக்க வேண்டியிருக்கும், அந்த விலையையும் கழித்துக் கேளுங்கள்.

18. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழு நீளப் பிஸ்டல் பாரம். கிட்டத்தட்ட ஒரு கிலோவை ஒற்றைக் கையில் நீட்டி, ஒன்றேகால் மணி நேரம் அறுபது தடவை தூக்கி இறக்க வேண்டும். குட்டைக் குழல் மாடல்கள் உண்டு. பழைய சந்தையில் அது வந்தால் விடாதீர்கள். பிள்ளை வளர்ந்ததும் அதே விலைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும்.

19. போட்டிச் சோதனையில் பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. பழைய உரிமையாளர் எடைக்கட்டி, அகலக் கைத்தாங்கி என்று ஒட்டுவேலை செய்திருந்தால் அளந்து பாருங்கள். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்குவது போல் நீண்டிருந்தாலும் அனுமதி கிடையாது.

20. சைட்: பின் சைட் திருகைச் சுற்றும்போது ஒவ்வொரு ‘கிளிக்’கும் கேட்க வேண்டும். அகலம் மாற்றும் முன் சைட்டுகள் தொலைந்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

21. பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்: அசல் பில், கம்பெனியிலிருந்து வந்த சோதனை டார்கெட் அட்டை, நிரப்பும் இணைப்பான், சாவிகள், கையேடு. அட்டையில் எழுதிய வரிசை எண்ணும் பிஸ்டலில் வெட்டிய எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரிச்சலுகையில் கொண்டுவந்த பிஸ்டல் என்றால் அந்தச் சலுகைக்கு நிபந்தனை இருக்கும். அதை விற்க அனுமதி இருக்கிறதா என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம்.

22. நம் ஊரில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அதனால் திருச்சியில் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும் என்று வெளியூர் உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள். அங்கே தயாராவது பெரும்பாலும் படைகளுக்கான ஆயுதம். போட்டி ஏர் பிஸ்டல் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று கடல் தாண்டித்தான் வருகிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலையாலும் பெல் நிறுவனத்தாலும் இந்த ஊருக்குக் கிடைத்த சொத்து, கைதேர்ந்த ஃபிட்டர்களும் டர்னர்களும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். மரை தேய்ந்த திருகு, ஒரு சின்ன வாஷர், கைப்பிடிக்குத் தாங்கு தகடு, இதெல்லாம் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். சிலிண்டரையும் டிரிகரின் உள்பாகத்தையும் எவ்வளவு திறமைசாலியிடமும் கொடுக்காதீர்கள். சிலிண்டரில் லேத் பட்டால் அதோடு அது முடிந்தது.

23. விலை பேசும் விதம். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று இரண்டு டீலரிடம் கேளுங்கள். விற்பவர் வாங்கிய விலை உங்களுக்குத் தேவையில்லை. புது விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, சிலிண்டர், சர்வீஸ், கைப்பிடி மூன்றையும் கழித்துக்கொண்டே வாருங்கள். விற்பவர் கடைசியாகச் சொல்லும் விலையில் புதிதுக்கும் பழையதுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால் ஆறு மாதம் பொறுத்துப் புதிதே வாங்கிவிடலாம்.

24. “நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர், அவசரமா விக்கிறேன், பார்சல்ல அனுப்புறேன்” என்று பேசி முன்பணம் கேட்பவர் பைக், ஃப்ரிட்ஜ் விற்பதாகச் சொல்லி ஏமாற்றும் அதே கூட்டம்தான். பொருளை ரேஞ்சில், கோச் முன்னிலையில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

25. வீட்டில் வைப்பது. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்த பட்டுப்புடவையே ஈரம் கோக்கும். பிஸ்டல் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். குழலுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம், சுத்தம் செய்யும் பஞ்சு பெல்லட் போதும். சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள், பீரோவைப் பூட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பொம்மைத் துப்பாக்கிதான், அவர்கள் கண்ணில் படவே கூடாது.

26. தோட்டா இல்லாமல் வீட்டில் பழகுவது நல்ல பழக்கம். உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் திண்ணை தாண்டி ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். அங்கே பத்து மீட்டர் கிடைப்பதுகூடக் கஷ்டமில்லை. அபார்ட்மென்டில் இருப்பவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்தே பழகலாம். வாசலைப் பார்த்தோ ஜன்னல் ஓரத்திலோ மொட்டை மாடியிலோ மட்டும் வேண்டாம். எதிர்வீட்டு மாமி போலீஸுக்குப் போன் செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

27. ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே.நகர் போவதென்றால் காவிரிப் பாலம், சத்திரம், மத்திய பேருந்து நிலையம் என்று நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். பூட்டுள்ள கெட்டிப் பெட்டியில்தான் எடுத்துப் போங்கள். பில் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள் இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலோ நிறுத்திய காரிலோ நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வைகுண்ட ஏகாதசி நாட்களில் வீதிக்கு வீதி பை சோதனை நடக்கும். அந்த வாரம் பிஸ்டலை வெளியே எடுக்காமல் வீட்டுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

28. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும். பிள்ளைகள் பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஏற்றுவதைப் பார்த்தால் அங்கேயே அதட்டுங்கள்.

29. கடைசியாகக் கணக்கு. கையில் இருக்கும் பணம் முழுவதையும் பிஸ்டலில் போடாதீர்கள். வருடம் முழுக்க பெல்லட், ரேஞ்ச் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், சென்னைக்கும் கோவைக்கும் போய்வரும் செலவு எல்லாம் இருக்கிறது. சிலிண்டர் தேதி சரி, கைப்பிடி சரி, கிளாம்பில் ஒரே ஓட்டை, காகிதம் சுத்தம் என்றால் பழைய பிஸ்டலை யோசிக்காமல் வாங்குங்கள். இந்த நான்கில் ஒன்று இடித்தாலும் இன்னொரு வருடம் கிளப் பிஸ்டலிலேயே சுட்டு, அந்தப் பணத்துக்குப் பெல்லட் வாங்குங்கள். புள்ளி அதில்தான் ஏறும்.